அஞ்சு இஞ்சுக் கொலு

நீலாவதிக்குப் பொய் சொல்ல வராது என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. ஊர் என்றால் இந்த வங்காளத்துப் பட்டணத்தில் டாக்குரியாவின் இரண்டு தெரு, கஸ்பாவில் மூடிப்போன டி.வி. கம்பெனி, லேக் மார்க்கெட்டில் நாலு தமிழ்க்கடை, அவ்வளவுதான். அறுபதை நெருங்கும்வரை கட்டிக்காத்த அந்தப் பெயரை அவள் அந்த வருஷ நவராத்திரியின் முதல் நாள், டெலிபோனில், கோமதியக்காவிடம் தொலைத்தாள்.

"வீடு கொள்ளாத ஆளுக்கா. உக்கார எடமில்ல. சால்ட் லேக்லருந்து கம்ப்யூட்டர் வேலைக்காரவுக வீட்டுப் பிள்ளையள்லாம் வந்துட்டு. சுண்டல் காலியாயி ரெண்டாந்தடவ தாளிச்சேன்னா பாத்துக்கயேன்."

அப்போது அந்த அறையில் இருந்தது ஏழு படிக் கொலு, அதற்கு முன்னால் விரித்த கோடு போட்ட பவானி ஜமுக்காளம், மூடி திறக்காத சுண்டல் சட்டி. பழகிய பொய்க்காரர்கள் தாளிப்பு வரைக்கும் போகமாட்டார்கள். புதுசாகச் சொல்கிறவர்களுக்குத்தான் எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

காரணம் இல்லாமல் இல்லை. அந்த மழைக்காலத்தில் கோமதியக்கா பாலிகஞ்ச் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். காலையில் விழுந்தவள் பொழுது சாய்கிற வரைக்கும் ஈரத்திலேயே கிடந்தாள். வாசலில் பால் பாக்கெட் எடுக்காமல் கிடப்பதைப் பார்த்து எதிர்வீட்டு வங்காளத்துப் பெண் ஆள் கூப்பிட்டுக் கதவை உடைத்தாள். இடுப்பில் கம்பி வைத்துக் கட்டிலில் போட்டார்கள். பெங்களூரிலிருந்து மகன் மகேஸ்வரன் வந்து, இனி அம்மா தனியாக இருக்க வேண்டாம், என்னோடு வரட்டும் என்று முடிவாகச் சொன்னான். கோமதியக்காவும் சரி என்பாள். டிக்கெட் எடுத்ததும் மாட்டேன் என்பாள். இரண்டு தடவை டிக்கெட்டை ரத்து பண்ணி, இப்போது எடுத்திருப்பது மூன்றாவது. ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான். "நீலா ஒத்தையில கெடப்பாளேப்பா."

மகேஸ்வரன் நீலாவதிக்குப் போன் பண்ணினான். "சித்தி, நீங்க சொன்னாத்தான் அம்மா கேப்பாங்க. உங்களுக்கு அங்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சா கிளம்பிடுவாங்க. ப்ளீஸ் சித்தி."

ஆள் இருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால், ஒன்று ஆள் இருக்க வேண்டும், இல்லையென்றால் பொய் சொல்ல வேண்டும். நீலாவதிக்கு ஆள் இல்லை. கல்யாணம் என்று ஒன்று வாய்க்கவில்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து அண்ணனோடு இந்த ஊருக்கு வந்தவள். அண்ணன் ரயில்வேயில் ஓய்வு பெற்று மெட்ராசுக்குப் போனபோது மதினி கொலுப் பொம்மைகளைத் தூக்க முடியாதென்று விட்டுவிட்டுப் போனாள். பொம்மைகளோடு நீலாவதியும் இங்கே தங்கிவிட்டாள். சுற்றி இருந்த தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக சென்னை, கோயம்புத்தூர் என்று கிளம்பிப் போய், அந்தத் தெருவில் இப்போது ஒரே தமிழ்வீடு அவளுடையதுதான். வங்காளிகளின் பூஜையும் இதே நாட்களில்தான், தெருவே பந்தலுக்குப் போய்விடும். ஒரு பொம்பளையின் வீட்டுக் கொலுவைப் பார்க்க யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

கோமதியக்கா மட்டும் தவறாமல் வருவாள். வந்தவள் அடுத்தவர் முகம் பார்க்காமல் முதல் பாட்டை எடுத்துவிடுவாள். பத்துப் பேர் இருந்த காலத்திலும் அவள்தான் முதல் பாட்டு, கடைசி நாலு வருஷமாக ஒரே ஆளாக வந்தபோதும் அவள்தான்.

பொய்யைக் கேட்ட கோமதியக்கா சந்தோஷப்பட்டாள். பிறகு மெதுவாக ஒரு முடிச்சுப் போட்டாள். "நீ இவ்வளவு சொல்லுதே. நான் இந்தத் தடவ கொலுவப் பாக்காம ரயிலேறுனா எனக்கு மனசு ஆறாதுட்டி. என்னைத் தூக்கிட்டுப் போறதுக்கு ஒரு வழி பண்ணு. இல்லாட்டி டிக்கெட்ட மாத்தச் சொல்லிருதேன்."

கோமதியக்கா இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பூஜைக் கூட்டத்தில் கரியாஹாட்டைத் தாண்டி டாக்ஸி வராது. வைத்த கொலுவை விஜயதசமி வரைக்கும் அசைக்கக்கூடாது என்பதால் பொம்மைகளை எடுத்துப் போகவும் முடியாது. கொலுவைக் கேசட்டிலோ சி.டி.யிலோ படம் எடுத்துக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டலாம் என்றால், கோமதியக்கா வீட்டு டி.வி. மற்றச் சாமான்களோடு லாரியில் ஏறிப் பெங்களூருக்குப் போயே போய்விட்டது. அந்த வீட்டில் இப்போது வீட்டு ஓனருடைய ஒரு கட்டில், ஸ்டூல், ஸ்டவ், டெலிபோன், அவ்வளவுதான். பிளக் பாயிண்டுகளைக்கூட எலக்ட்ரீஷியன் கழற்றிவிட்டான், ஓனர் வெள்ளையடிக்கப் போகிறாராம்.

'டி.வி.தானே வேணும்' என்று நினைத்தாள் நீலாவதி.

அவள் அப்படி நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. நீலாவதியும் கோமதியும் கஸ்பா கம்பெனியில் ஒரே பெஞ்சில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து கறுப்புவெள்ளை டி.வி. செய்தவர்கள். நீலாவதி ஈயம் உருக்கி சால்டர் வைப்பாள், கோமதி கடைசியில் படம் போட்டுப் பார்த்து 'ஓகே' ஒட்டுவாள். கலர் வந்தது, கம்பெனி படுத்தது. அதன்பிறகு கோமதி இட்லிப்பொடி அரைத்து லேக் மார்க்கெட் கடைகளுக்குப் போட்டாள். நீலாவதி ஒரு மார்வாடிக்கு எமர்ஜென்சி விளக்குகளுக்குப் பாகம் மாட்டிக் கொடுத்தாள். ஒரு காலத்தில் இந்த ஊரில் கரண்ட் போகாத சாயங்காலம் கிடையாது. அதனால் அவளுக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை. இப்போது கரண்ட் ஒழுங்காக இருக்கிறது, ஊருக்கு நல்லதுதான், அவளுக்குத்தான் வேலை குறைந்துவிட்டது.

மறுநாளே சாந்தினி மார்க்கெட்டுக்குப் போய், உடம்பு உடைந்த ஒரு சைனா குட்டி டி.வி.யை வாங்கி வந்தாள். அஞ்சு இஞ்சுப் படக்குழாய், கறுப்புவெள்ளை, பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுவது. கடைக்காரன், "தீதி, இதைவிடக் கொஞ்சம் கூடப் போட்டா கலரே வாங்கலாமே" என்றான். "தூக்கிட்டுப் போகணும்" என்றாள். அவனுக்குப் புரியவில்லை, அவளும் விளக்கவில்லை.

வீட்டில் இருந்த வி.சி.டி. பிளேயரைப் பிரித்து உள்பலகையை மட்டும் எடுத்தாள். மீந்து கிடந்த எமர்ஜென்சி விளக்கு பேட்டரிகள் இரண்டை, ஆறும் ஆறும் பன்னிரண்டாகக் கோர்த்தாள். வி.சி.டி.க்கு ஐந்து வோல்ட்டுதான் வேண்டும். வோல்ட்டைக் குறைக்க ஒரு ரெகுலேட்டர் போட்டால் அது தொட முடியாமல் சுட்டது. சூட்டை இழுக்க ஒரு அலுமினியத் தகடு வேண்டும். காது உடைந்த இட்லித்தட்டு ஒன்றை வெட்டி அதன் முதுகில் திருகினாள். பழைய ஸ்பீக்கர் பெட்டியின் வட்டத்தைச் சதுரமாக அறுத்துப் படக்குழாயைப் பொருத்தினாள். மேலே ஒரு சூட்கேஸ் கைப்பிடி. இத்தனையும் ஒண்டியாக, கொலுவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து செய்தாள். இடையிடையே விளக்குக்கு எண்ணெய் விட்டாள், சுண்டல் வேகவைத்தாள், வேகவைத்த சுண்டலை மறுநாள் காலை தானே தின்றாள்.

படம் எடுக்க, கல்யாண வீடியோ எடுக்கும் ஷ்யாமல்தாவைக் கூப்பிட்டாள். அவர் பந்தலில் தாகுரை, அதாவது சாமி சிலையை, எடுப்பதுபோலக் காலடியிலிருந்து ஆரம்பித்து மெல்ல மேலே ஏறினார். கலசத்தில் கொஞ்சநேரம் நின்றார். பிறகு பின்னாலே நகர்ந்து அறை முழுவதையும் எடுத்தார். "ஆட்கள் எங்கே தீதி?" என்றார். "வருவாங்க" என்றாள். சி.டி.யாக்கிக் கொடுக்கும்போது அவராகவே பின்னணியில் டாக் மேளம் சேர்த்திருந்தார். மேளம் இல்லாமல் எப்படிப் பூஜை என்பது அவர் கட்சி.

சி.டி.யைப் போட்டதும் நீலாவதிக்குப் பழைய கை வந்துவிட்டது. பெஞ்சில் ஒரு டி.வி.யைச் சோதிக்கும்போது படத்தில் என்ன ஓடுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. வட்டம் வட்டமாக இருக்கிறதா, கோடு நேராக இருக்கிறதா, அதுதான் பார்வை. செட்டியார் பொம்மையின் தொந்தியை வைத்து வட்டம் பார்த்தாள். ஜமுக்காளத்துக் கோடுகளை வைத்து நேர் பார்த்தாள். ஓரத்தில் கோடு வளைந்தது. திருகாணியைத் திருப்பி நேராக்கினாள். திரும்பத் திரும்ப அந்த இடத்தையே போட்டுப் பார்த்தாள். கடைசியில் ஒரு கோடுகூடப் பிசகாமல் கம்பி இழுத்த மாதிரி நின்றபோது, கம்பெனியில் கடைசி டி.வி.யை முடித்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக அவளுக்கு மனசு நிறைந்தது.

சப்தமி மத்தியானம், கூட்டம் ஏறுவதற்குள் போய்விட வேண்டும் என்று கிளம்பினாள். பெட்டி ரெக்சின் பையில், சுண்டல் டிபன் டப்பாவில், வெற்றிலை பாக்கு மஞ்சள் தனிப் பொட்டலத்தில். பெட்டி கனத்தது. டாக்குரியா பாலத்தில் ஏறி இறங்குவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்போல ஆனது. கோல்பார்க்கிலேயே தெருவை மூங்கில் கட்டி மறித்திருந்தார்கள். புதுப் புடவையும் புதுச் செருப்புமாக ஜனம் நகர்ந்தது. புதுச் செருப்பு கடித்துப் பாதிப் பேர் நொண்டினார்கள்.

மூங்கில் தடுப்பில் நெஞ்சில் பேட்ஜ் குத்திய பூஜைக் கிளப்காரர் ஒருவர் பையைத் திறக்கச் சொன்னார். திறந்தாள். சிவப்பும் கறுப்புமாக வயர், அடியில் பேட்டரி. அவர் முகம் மாறி இரண்டு அடி பின்னால் போனார்.

"கீ எட்டா? என்ன இது?"

"டி.வி."

"டி.வி.யா? இதுவா?"

நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் போலீஸ் என்றார். வேறு வழியில்லாமல் நீலாவதி பெட்டியைத் தரையில் வைத்து சுவிட்சைத் தட்டினாள். படக்குழாய் சூடேறி, டாக் மேளம் முழங்க, கொலு மெல்லக் காலடியிலிருந்து எழுந்து வந்தது. கலசம் வந்ததும் கிளப்காரர் சட்டென்று செருப்பை உதறிக் கைகூப்பினார். "தாகுர்!" என்றார். கூடி நின்றவர்களும் கும்பிட்டார்கள். ஒரு பெண் குனிந்து, "இவ்வளவு பொம்மையா? எங்கே இருக்கு இந்தப் பந்தல்?" என்று கேட்டாள். "என் வீட்டுல" என்றாள் நீலாவதி. ஷ்யாமல்தாவை விட்டால் அந்த வருஷம் அவள் கொலுவை முதலில் பார்த்தவர்கள் அவர்கள்தான். பேட்டரி தீருமே என்ற பதற்றத்தில் அது அவளுக்கு உறைக்கவில்லை.

மூன்று மாடி ஏறிக் கதவைத் தட்டியபோது கோமதியக்காவைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த ஆயாதான் திறந்தாள். "தீதி வந்தாச்சா? அப்ப நான் போய்க் கொஞ்சம் தாகுர் பார்த்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டே படியிறங்கிவிட்டாள்.

காலி வீடு. காலண்டர் மாட்டியிருந்த இடங்களில் ஆணி மட்டும் இருந்தது. ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் கோமதியக்கா தலைகாணி சாய்த்து உட்கார்ந்திருந்தாள். தலை சீவி, பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கத்தில் வாங்கிய நூல்புடவை கட்டி, கல்யாண வீட்டுக்குக் கிளம்பினவள் தோரணையில் இருந்தாள்.

"என்னட்டி இது, இப்பிடி மூச்சு வாங்குது? என்னத்தத் தூக்கிட்டு வந்திருக்கே?"

"கொலுவு."

"போட்டி கோட்டிக்காரி."

"நீதான பாக்காம ஏறமாட்டேன்னே. அதான் தூக்கிட்டு வந்துட்டேன்."

ஸ்டூல் ஒன்றைக் கட்டிலுக்கு எதிரே போட்டுப் பெட்டியை அதன்மேல் வைத்தாள். கோமதியக்கா பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பச் சொன்னாள். படத்தைப் பார்க்கும் முன்னால் உள்ளே பார்க்கிற ஆள் அவள். சால்டர் ஒவ்வொன்றையும் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தவள் சிரித்துவிட்டாள்.

"இட்லித்தட்டாட்டி இது?"

"சூடு தாங்கலக்கா. வேற தகடு ஆப்பிடல."

"சூடு இட்லிக்கும் இதுக்கும் ஒண்ணுதான். கொள்ளாம். கை இன்னும் போகல ஒனக்கு. ஒரு எடத்துல ஈயம் கூடுதல்."

"ஒனக்குக் கொற சொல்லாட்டி ஒறக்கம் வராதே."

"சம்பளமே அதுக்குத்தான வாங்குனேன்."

முதலில் சுண்டல். கடலைப்பருப்புச் சுண்டல், மாங்காய் கிடைக்காததால் எலுமிச்சம்பழம் பிழிந்தது. கோமதியக்கா ஒரு வாய் போட்டு, உப்பு ஒரு கல்லு கம்மி என்றாள். இரண்டாவது வாய்க்கு அப்புறம் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். கீழே தெருவில் டாக் அடித்துக்கொண்டே ஒரு கூட்டம் போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"ரயிலுக்கு என்ன கட்டிக்கிட்டுப் போற?" என்றாள் நீலாவதி.

"இதயேதான். நீ வெரசா போடுட்டி, வெளிச்சம் இருக்கப்பவே."

நீலாவதி சுவிட்சைத் தட்டினாள். காலடி, முதல் படி, இரண்டாம் படி. கறுப்பு வெள்ளையில் எல்லாப் பொம்மைகளும் ஒரே குடும்பம்போல இருந்தன. கோமதியக்கா முகத்தை முன்னால் கொண்டுவந்தாள். அந்தப் பொம்மைகளுக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடித்தவள் அவள். அவளுக்குக் கலர் டி.வி. தேவைப்படவில்லை.

"மீனாட்சி பச்சை. போன வருசம் பச்சை தீந்து, கரையில கொஞ்சம் நீலம் கலந்தேன், தெரியுதா? கிருஷ்ணனுக்கு மஞ்ச வேட்டி. செட்டியாரம்மா அரக்கு. இந்தா வந்துட்டா பாரு, நம்ம மீன்காரி."

கிருஷ்ணநகர் களிமண் பொம்மை அது. அரிவாள்மணையில் மீன் நறுக்கும் வங்காளத்துப் பொம்பளை. எந்தக் காலத்திலோ பூஜைச் சந்தையில் கோமதியக்கா ஆசைப்பட்டு வாங்கிக் கொலுவில் வைத்தது. சைவப் பிள்ளைமார் வீட்டுக் கொலுவில் மீனா என்று மதினி சண்டைக்கு வந்தாள். கோமதியக்கா மீனின்மேல் பச்சைப் பெயிண்டை அடித்து, "புடலங்காய், மதினி" என்று சொல்லிச் சமாளித்தாள்.

"இன்னும் புடலங்காதானட்டி நறுக்குதா?"

"வேற என்ன நறுக்குவா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கலசம் வந்தது, நின்றது. கோமதியக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு ஷ்யாமல்தாவின் கேமரா பின்னாலே நகர்ந்தது. கொலு முழுசாகத் தெரிந்தது. குத்துவிளக்கு, வெற்றிலைத் தட்டு, அதற்கு முன்னால் ஜமுக்காளம். கோடு கோடாக, சுவருக்குச் சுவர், கம்பி இழுத்த மாதிரி ஜமுக்காளம்.

கோமதியக்காவின் சிரிப்பு நின்றது. நீலாவதி அவள் கண் போன இடத்தைப் பார்த்தாள். எத்தனையோ தடவை போட்டுப் பார்த்த இடம்தான். ஒரு கோடு பிசகவில்லை என்று சந்தோஷப்பட்டிருந்தாள். ஒரு கோட்டின் மேலும் ஒரு ஆள் உட்காரவில்லை என்பது இப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. கை தானாகப் போய் சுவிட்சை அணைத்தது. படம் சட்டென்று நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருண்டு மறைந்தது.

"பேட்டரி போயிட்டுக்கா" என்றாள். "வழியில ஒருத்தன் போட்டுக் காட்டச் சொல்லிட்டான். அதான்."

கோமதியக்கா புடவை முந்தியால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏட்டி நீலா. நானும் நீயும் எத்தன வருசம் அந்தப் பெஞ்சுல இருந்தோம்?"

"எதுக்குக் கேக்கே?"

"பேட்டரி போனா படம் எப்பிடிப் போகும்?"

நீலாவதி பெட்டியின் கைப்பிடியைத் துடைத்தாள்.

"நான் சொல்லுதேன். மொதல்ல மங்கும். பொறவு ரெண்டு ஓரத்துலயும் கறுப்பு ஏறும். படம் சுருங்கிச் சுருங்கிப் பையப் போகும். புள்ளி விழுந்து படக்குன்னு போனா அது சுவிட்சு. இத எனக்கிட்டயா சொல்லுதே?"

"இல்லக்கா, அது ஆளு வாரதுக்கு முந்தி எடுத்தது. சாயங்காலமா எல்லாரும்..."

"அப்பிடின்னா என்னத்துக்கு அணைச்சே?"

பொய் சொல்லப் பழகாத நீலாவதி மூன்றாவது பொய்யிலேயே கையைத் தூக்கிவிட்டாள். தரையில் உட்கார்ந்து டிபன் டப்பாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"ஒருத்தர்கூட வரலயா?"

"இல்ல."

"எத்தன நாளா?"

"நீ விழுந்ததுலருந்து யாரு வாரா. போனு மணி அடிச்சா ராங் நம்பரு. காய்க்காரன்ட்ட ரெண்டு வார்த்த கூடப் பேசுதேன், அவன் கோட்டின்னு நெனைக்கான்."

"அப்பொறவு எதுக்கு எனக்கிட்ட சுண்டல் ரெண்டாந்தடவ தாளிச்சேன்னே?"

"நீ போகணும்னுதான்."

"நான் போகல" என்றாள் கோமதியக்கா. "மகேசுட்ட இன்னைக்கே சொல்லிருதேன். சாமான் போனாப் போகட்டும். நீ இங்கன வந்து என்கூட இரி. ரெண்டு பேரும் கஞ்சி குடிச்சாலும்..."

"ஒன்னால ஒரு சொம்பு தண்ணி எடுக்க முடியாது!" நீலாவதி இப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. காலி வீட்டில் குரல் முட்டித் திரும்பி வந்தது. "எனக்கு முழங்கால் மடங்கல. நாளைக்கு நீ மறுபடி விழுந்தேன்னா நான் தூக்கவா? நான் விழுந்தா நீ தூக்கவா? அன்னைக்கு நீ ஈரத்துல கெடந்தப்போ நான் வீட்டுல ரேடியோவப் போட்டுக்கிட்டு வெளக்கு மாட்டிட்டு இருந்தேன்க்கா. பாட்டுக் கேட்டுட்டு இருந்தேன். அதுலருந்து எனக்கு ரேடியோவத் தொட முடியல. நீ இங்க இருந்தேன்னா ஒவ்வொரு நாளும் காலம்பற நீ எந்திரிச்சியோ என்னமோன்னுதான் நான் எந்திரிப்பேன். ஒனக்காவச் சொல்லல. எனக்காவப் போ."

சொல்லிவிட்டு அழுதாள். கோமதியக்கா அவளை அழ விட்டாள். கட்டிலிலிருந்து கை எட்டுகிற தூரத்தில்தான் நீலாவதியின் தலை இருந்தது. அந்தத் தலையில் கையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள். எதிர்மாடியில் யாரோ பூஜைக்குச் சங்கு ஊதினார்கள்.

"பெங்களூர்ல மருமக ஆபீசு போயிருவா" என்றாள் கடைசியில். "அவன் போயிருவான். நானும் அங்கன செவத்தத்தான் பாத்துட்டு இருக்கணும்."

"தண்ணி எடுத்துக் குடுக்க ஆளு வச்சிருக்கானாம்."

"ம். வச்சிருக்கான், வச்சிருக்கான்." மூக்கை உறிஞ்சினாள். "பொதங்கெழம ஸ்டேஷனுக்கு வந்துராத. ஒம் மொகத்தப் பாத்தேன்னா எறங்கிருவேன். சொல்லிட்டேன்."

"வரல."

"ஆட்டோ புடிச்சு வந்து, தூண் பின்னால நின்னு பாக்கலாம்னு நெனைக்காத. கண்டுபிடிச்சிருவேன்."

நீலாவதி அதைத்தான் நினைத்திருந்தாள். "வரலங்கேன்லா" என்றாள்.

"சரி, போடு."

"என்னத்த?"

"கொலுவத்தான். பாத்துட்டு ஒரு பாட்டுப் பாடாமப் போனா நல்லாவா இருக்கும்? என்னக் கீழ எறக்கு. கொலு பாக்க வந்தவ கட்டில்ல உக்காந்தா பாடுவா?"

டாக்டர் தரையில் உட்காரக்கூடாது என்று சொல்லியிருந்தார். நீலாவதி அதைச் சொன்னாள். கோமதியக்கா காதில் வாங்கவில்லை. கட்டில் போர்வையை நாலாக மடித்துத் தரையில் போட்டு, ஒரு கையைக் கட்டில் காலிலும் ஒரு கையை நீலாவதியின் தோளிலும் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். இறங்கி முடித்ததும் நெற்றியில் வேர்த்திருந்தது. நீலாவதி ஸ்டூலிலிருந்து பெட்டியையும் தரைக்கு இறக்கிச் சுவிட்சைப் போட்டாள். டாக் சத்தத்தைக் குறைத்தாள்.

கோமதியக்கா பாடினாள். மதினி இருந்த காலத்திலிருந்து அவள் முதலில் எடுக்கும் அதே பாட்டு. சுருதி சேரவில்லை, மூச்சு பாதியிலேயே முறிந்தது, அவள் விட்ட இடத்தை நீலாவதி எடுத்துக்கொண்டாள். நீலாவதிக்குப் பாட வராது. இரண்டு பேருமாகச் சேர்ந்து எப்படியோ தள்ளிக்கொண்டு போனார்கள். பெட்டியில் கலசம் வந்து நின்றது. பிறகு ஜமுக்காளம் வந்தது. இந்தத் தடவை நீலாவதி அணைக்கவில்லை. கோடு கோடாக அது அவர்களுக்கு முன்னால் விரிந்து கிடந்தது. சி.டி. முடிந்து தானாக முதலிலிருந்து ஆரம்பித்தது.

மூன்றாம் சுற்றில் படம் மங்கியது. இரண்டு ஓரத்திலும் கறுப்பு ஏறியது.

"இப்பத்தான் பேட்டரி போவுது" என்றாள் கோமதியக்கா.

நீலாவதியின் கை சுவிட்சுக்குப் போனது. இந்த பேட்டரியை முழுசாக வற்ற விடக்கூடாது. வற்றினால் பிறகு எத்தனை சார்ஜ் ஏற்றினாலும் நிற்காது, தூக்கித்தான் போட வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்த எவருக்கும் கண்ணை மூடிக்கொண்டு தெரிகிற விஷயம் அது. கோமதியக்காவுக்கும் தெரியும். அவள் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"விடு. அணைக்காத."

"கெட்டுப் போயிருங்கா."

"கெட்டா கெட்டுட்டுப் போவுது. இன்னும் யாருக்குட்டி காட்டப் போற?"

நீலாவதி கையை இழுத்துக்கொள்ளவில்லை. படம் சுருங்கியது. ஏழு படியும் விளக்கும் ஜமுக்காளமும் ஒரு தபால்கார்டு அளவாகி, தீப்பெட்டி அளவாகி, மேலும் சிறுத்தன. புடலங்காய் நறுக்கும் மீன்காரி எங்கே இருக்கிறாள் என்று கண்டுபிடிக்க இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். டாக் மட்டும் சன்னமாக அடித்துக்கொண்டிருந்தது.